புதுத் துப்பாக்கி, பழைய பயம்

உரிமம் எடுப்பது எப்படி என்று போன இதழில் எழுதினேன். உரிமம் எடுத்து, துப்பாக்கியும் வாங்கி, அதில் கோளாறு கண்டவர்களின் கடிதங்கள்தான் இந்த முறை மேசை முழுக்க. எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஏறக்குறைய ஒன்றுதான்: "புகார் செய்தால் உரிமத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ?" ஆகாது. புதிதாக வாங்கிய பொருளில் குறை இருக்கிறது என்று சொல்வது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. அந்தப் பயத்தில் பேசாமல் இருந்துவிட்டு, கோளாறான துப்பாக்கியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்கிறார்களே, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

கே: பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தில் ரெட்டைக்குழல் 12 போர் வாங்கினேன். வலது குழல் வெடிக்கிறது. இடது குழல் "டிக்" என்பதோடு சரி. கோளாறு தோட்டாவிலா, துப்பாக்கியிலா?
*தென்னை விவசாயி, பொள்ளாச்சி*

ப: வெடிக்காத தோட்டாவே பதில் சொல்லும். அதற்கு முன் ஒன்று: "டிக்" கேட்டதும் உடனே துப்பாக்கியை மடக்கித் திறக்காதீர்கள். குழல் வாயை ஆளில்லாத பக்கம் வைத்தபடி குறைந்தது முப்பது விநாடி அப்படியே நில்லுங்கள். சில தோட்டா தாமதமாக வெடிக்கும். திறந்த துப்பாக்கிக்குள் வெடித்தால் பித்தளை அடிப்பாகம் முகத்தை நோக்கித்தான் வரும்.

பிறகு தோட்டாவை எடுத்து, அடியில் நடுவிலுள்ள கேப்பைப் பாருங்கள். வலது குழலில் வெடித்த தோட்டாவின் கேப்பில், இட்லி மாவில் விரல் வைத்தது போல வட்டமான ஆழமான பள்ளம் இருக்கும். இடது குழலில் வெடிக்காததில் ஊசியால் கீறியது போல லேசான தடம் மட்டும் இருந்தால், ஃபயரிங் பின் முழுசாக வந்து அடிக்கவில்லை என்று அர்த்தம். பின் குட்டையாக இருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். புதுத் துப்பாக்கியில் இன்னொரு காரணமும் உண்டு. துரு பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசிய கெட்டி கிரீஸ் பின் வரும் துளையில் இறுகிப் போயிருக்கும். அதை டீலர் துடைத்துத் தந்தாலே பல துப்பாக்கி சரியாகிவிடும். இரண்டு தோட்டாவின் கேப்பிலும் பள்ளம் ஒரே ஆழம், ஆனாலும் ஒன்று வெடிக்கவில்லை என்றால் தோட்டா மேல்தான் சந்தேகம்.

அதே பெட்டியின் புதுத் தோட்டாக்களை இரண்டு குழலிலும் மாற்றிப் போட்டுப் பார்ப்பதை டீலரின் ஏற்பாட்டில், அவர் முன்னால் செய்யுங்கள். வெடிக்காத தோட்டாவையே மறுபடி போட்டு அடித்துப் பார்க்க வேண்டாம். வெடித்ததன் வெறுங்கூட்டையும் வெடிக்காததையும் தனித்தனி உறையில் போட்டு, எந்தக் குழல், என்ன தேதி என்று எழுதி டீலரிடம் காட்டுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யார் மறுத்தாலும் அந்தப் படம் உங்களுக்காகப் பேசும்.

கே: "புதுசு அப்படித்தான் இருக்கும், சுடச் சுடச் சரியாயிடும்" என்கிறார் டீலர்.
*வாசகர், தேனி*

ப: அதை லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டார்.

பழகப் பழகச் சரியாவதும் உண்டு. மடக்கும் இடத்து இறுக்கம், சேஃப்டி பொத்தானின் விறைப்பு, கட்டையும் இரும்பும் சேருமிடத்தின் முரட்டுத்தனம் எல்லாம் சில மாதத்தில் இளகும். ஆனால் வெடிக்காத தோட்டா, தானாக நழுவும் சேஃப்டி, பூட்டிய பிறகும் ஆடும் குழல், வெளியே வராமல் சிக்கும் வெறுங்கூடு, இந்த நான்கும் பழக்கத்தால் தீராது. சுடச் சுடக் கூடும்.

கே: எங்கள் ஊரில் நல்ல லேத் பட்டறை இருக்கிறது. ஒரு பின்தானே, கடைந்து போட்டால் ஆயிற்று. டீலரிடம் அலைய வேண்டுமா?
*வாசகர், உடுமலைப்பேட்டை*

ப: அலையத்தான் வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, செய்வது, விற்பது, மாற்றியமைப்பது ஆகியவற்றோடு பழுதுபார்ப்பதையும் சேர்த்தே சொல்கிறது: அதற்கென உரிமம் இல்லாதவர் செய்யக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு. ஆயுள் வரை போகலாம். உங்களுக்கு உதவ வந்த பட்டறைக்காரரை நீங்கள் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள் என்று யோசியுங்கள்.

சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும் அது நல்ல யோசனை இல்லை. ஃபயரிங் பின்னின் நுனி எவ்வளவு நீட்ட வேண்டும், எவ்வளவு உருண்டையாக இருக்க வேண்டும், எஃகை எந்தப் பதத்தில் காய்ச்ச வேண்டும் என்பதெல்லாம் மயிரிழைக் கணக்கு. நுனி கூராகிவிட்டால் கேப் கிழிந்து, புகையும் தீயும் பின்பக்கமாகச் சீறும். அதோடு, ஒருமுறை பட்டறையில் பிரித்துவிட்டால், "நாங்கள் விற்றபோது நன்றாக இருந்தது" என்று சொல்ல டீலருக்கும் கம்பெனிக்கும் வழி கிடைத்துவிடும்.

துடைப்பது, எண்ணெய் போடுவது, குழலுக்குள் பிரஷ் விடுவது உங்கள் வேலை. ஸ்க்ரூ டிரைவர் கையில் வந்த நிமிடத்தில் வேலை உங்களுடையது இல்லை.

கே: ராணுவத்தில் 17 வருடம் இருந்தேன். இப்போது சொந்தத் துப்பாக்கியோடு காவல் வேலை பார்க்கிறேன். புதிதாக வாங்கிய துப்பாக்கி பழுதாகி டீலரிடம் போய் இரண்டு மாதம் ஆகிறது. துப்பாக்கி இல்லையென்றால் டியூட்டி இல்லை. டியூட்டி இல்லையென்றால் சம்பளம் இல்லை. கேட்டால் "பார்ட்ஸ் வரலை" என்கிறார்.
*முன்னாள் படைவீரர், வேலூர்*

ப: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். படையில் ஆர்மரராக இருந்தவன் நான். ஒரு ஜவானின் ஆயுதம் பழுதாகி வந்தால், அதைச் சரிசெய்து கொடுக்கும் வரை அவன் கையில் மாற்று ஆயுதம் இருக்கும். வெளி உலகில் அந்த ஏற்பாடு கிடையாது. உரிமத்தில் ஏற்றிய எண்ணுள்ள துப்பாக்கியைத் தவிர வேறொன்றை டீலர் உங்களுக்கு இரவலாகத் தர முடியாது. உங்களுக்குத் தாமதம் என்பது வெறும் காத்திருப்பாக இல்லாமல் நேரடி வருமான இழப்பாக ஆவது இதனால்தான்.

ஆகவே இதைக் கேட்டு வாங்குங்கள். என்ன பார்ட், எந்தத் தேதியில் கம்பெனிக்கு எழுதினார், எப்போது வரும் என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து, ஒப்புகையோடு அனுப்புங்கள். உங்களை வேலைக்கு வைத்திருப்பவரிடம், துப்பாக்கி இல்லாததால் எத்தனை நாள் பணி தரவில்லை என்று ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வியாபாரத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துவதற்கு மட்டுமே வாங்கியவரை விலக்காமல் உள்ளே வைத்திருக்கிறது. "நீ பிசினஸுக்கு வாங்கினாய்" என்று யாராவது வாயடைக்கப் பார்த்தால் இந்த வரியை நினைவில் வையுங்கள். கோளாறைச் சரிசெய்து தருவதோடு, கவனக்குறைவால் உண்டான நஷ்டத்துக்கு ஈடு தரவும் மாவட்ட ஆணையம் உத்தரவிட முடியும். அந்தச் சம்பளக் கடிதம் அங்கேதான் பயன்படும்.

கே: எனக்கு முழங்கால் வலி. டீலர் கடை கோவையில். மகனிடம் துப்பாக்கியைக் கொடுத்தனுப்பலாமா? அவனுக்கு உரிமம் இல்லை.
*ஓய்வுபெற்ற எஸ்டேட் மேலாளர், வால்பாறை*

ப: பழுதுபார்க்க என்றால் அனுப்பலாம். உரிமதாரர் கூட இருக்கும்போதோ, அவருடைய எழுத்துபூர்வ அனுமதியோடோ, பழுதுபார்ப்பதற்காகவும் உரிமம் புதுப்பிப்பதற்காகவும் இன்னொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்ல ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே இடம் தருகிறது. மகன் பெயர், துப்பாக்கி எண், எந்தக் கடை, என்ன தேதி, என்ன வேலை என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். உரிமப் புத்தகத்தையும் கொடுத்தனுப்புங்கள். குழல் காலியா என்று நீங்கள் ஒருமுறை பாருங்கள், அவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். போகிற வழியில் சித்தப்பா வீட்டில் சாப்பாடு, நண்பனுக்கு ஒரு பார்வை என்பதெல்லாம் அந்த அனுமதிக்குள் வராது. நேரே கடை, நேரே வீடு.

கே: டீலர் கொடுத்த ரசீது போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
*வாசகி, திண்டுக்கல்*

ப: என் கதையைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு வாங்கிய என் துப்பாக்கியின் முன்கட்டை ஆடியது. கடையில் கொடுத்தேன். நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் "கன் 1" என்று எழுதிக் கொடுத்தார். தெரிந்தவர்தானே என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நான்காவது மாதம் தேர்தல் அறிவிப்பு வந்தது. ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தார். "துப்பாக்கி எங்கே சார்?" என்றார். நான் அந்தத் தாளை நீட்டினேன். அதை அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு பக்கம் "கன் 1", மறுபக்கம் அன்றைய ராகு காலம்.

ரசீதில் டீலரின் உரிம எண், உங்கள் பெயர், உரிம எண், துப்பாக்கியின் வகை, போர், எண், கொடுத்த தேதி, நீங்கள் சொன்ன கோளாறு, முத்திரை, கையெழுத்து இவ்வளவும் இருக்க வேண்டும். "சர்வீஸுக்கு" என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். "இடது குழல் வெடிக்கவில்லை" என்று நீங்கள் சொன்னது அப்படியே ஏற வேண்டும். பழுதுக்கு வந்த ஆயுதம் டீலரின் பதிவேட்டிலும் ஏறியிருக்க வேண்டும். அந்த வரியைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள். தேர்தல் சமயத்தில் துப்பாக்கி கடையில் இருந்தால், இந்த ரசீதின் நகலை நீங்களே போய் ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள்.

கே: சுட்டபோது வழக்கமான சத்தம் இல்லை. "புஸ்" என்று ஒரு சத்தம். அடுத்த தோட்டா போடலாமா?
*வாசகர், சத்தியமங்கலம்*

ப: கூடாது. கூடவே கூடாது. சத்தம் குறைந்தால் அடைப்போ குண்டோ குழல் நடுவில் நின்றிருக்கக்கூடும். அதன் பின்னால் இன்னொரு தோட்டா வெடித்தால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். இடது கை இருப்பது அந்த இடத்தில்தான். துப்பாக்கியைத் திறந்து, காலி செய்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலைப் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரியவில்லை என்றால் நேரே டீலரிடம். கம்பி விட்டுக் குத்த வேண்டாம்.

கே: தாத்தா காலத்துத் துப்பாக்கி போல இருக்கட்டும் என்று 65 மி.மீ. சேம்பர் உள்ளதை வாங்கினேன். 70 மி.மீ. தோட்டா சரியாக உள்ளே போகிறது. ஆனால் அடி பலமாக இருக்கிறது, கூடும் சிக்குகிறது. வாரண்டியில் கேட்கலாமா?
*வாசகர், கூடலூர்*

ப: இதில் துப்பாக்கி மேல் தப்பில்லை. உள்ளே போவதால் பொருந்துகிறது என்று நினைத்துவிட்டீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் 70 என்பது வெடித்த பிறகு, மடித்த வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். வெடிக்கும் முன் வாய் மடங்கியிருப்பதால் அது குட்டை. 65 சேம்பருக்குள் சுகமாக உட்காரும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் ஒடுங்கிய பகுதிக்குள் போய் விரியும். வழி குறுகும், அழுத்தம் எகிறும், தோளில் அடி விழும், கூடு இறுகும். இப்போதே நிறுத்துங்கள். 65 தோட்டா மட்டும் போடுங்கள். இதுவரை சுட்டதில் ஏதும் தளர்ந்திருக்கிறதா என்று டீலரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், 70 போட்டதை மறைக்காமல்.

இதைப் படிக்கும் 12 போர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 20 போர் தோட்டா ஒன்று தவறிப்போய் உங்கள் பையில் கலந்தால், அது 12 போர் சேம்பரைத் தாண்டி உள்ளே நழுவிக் குழலில் நின்றுகொள்ளும். பின்னால் 12 தோட்டாவும் போகும். 20 போர் கூடுகளை மஞ்சள் நிறத்தில் செய்வது இந்த ஒரு விபத்தைத் தவிர்க்கத்தான்.

கே: தற்காப்புக்கு .32 ரிவால்வர் வாங்கினேன். விசையை இழுக்க இரண்டு விரல் வேண்டியிருக்கிறது. இது கோளாறா?
*நகைக்கடை உரிமையாளர், பெண், சேலம்*

ப: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் நேரே விசையை இழுத்தால், அந்த ஒரே இழுப்பு மூன்று வேலை செய்கிறது: சுத்தியலைத் தூக்குகிறது, உருளையைச் சுற்றுகிறது, கடைசியில் விடுகிறது. கனமாகத்தான் இருக்கும். ரிவால்வரைக் காலி செய்து, உறுதிப்படுத்திக்கொண்டு, சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்திவிட்டு விசையைத் தொடுங்கள். அப்போது லேசாக விட்டுவிட்டால் துப்பாக்கி நலம். உங்கள் விரலுக்குப் பயிற்சி வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டி இலகுவாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். இலகுவான ஸ்பிரிங் கேப்பை வெடிக்காமல் விடும், அதுவும் உங்களுக்குத் தேவைப்படும் அந்த ஒரு நாளில்.

மாறாக, இழுக்கும்போது நடுவில் ஓர் இடத்தில் சிக்கித் தாண்டுகிறதா? சுடும்போது உருளைக்கும் குழலுக்கும் இடையிலிருந்து ஈயத்தூள் கையில் தெறிக்கிறதா? உருளையின் துளை குழலுக்கு நேராக வந்து நிற்கவில்லை. இது நிஜக் கோளாறு. இன்றே கடைக்குப் போங்கள்.

கே: உரிமம் தேவைப்படாத .177 ஏர் ரைஃபிள் வாங்கினேன். இரண்டு வாரத்தில் வேகம் பாதியாகிவிட்டது. கடைக்காரர் வாரண்டி தர மறுக்கிறார்.
*கல்லூரி மாணவர், மதுரை*

ப: உண்மையைச் சொல்லுங்கள் தம்பி, பெல்லட் போடாமல் எத்தனை முறை சுட்டுக் காட்டினீர்கள்? ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில், முன்னால் பெல்லட் இருந்தால்தான் காற்று மெத்தையாக நின்று பிஸ்டனைத் தாங்கும். வெறுமனே சுட்டால் பிஸ்டன் போய் இரும்பில் மோதும், சீல் கிழியும். கடைக்காரர் திறந்து பார்த்ததும் முதலில் தேடுவது அந்தக் காயத்தைத்தான். அப்படிச் செய்யவே இல்லை என்றால் விட்டுக்கொடுக்காதீர்கள். கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நீங்களே கழற்றாதீர்கள். உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் பல் உடைக்கும் வேகத்தில் வெளியே வரும்.

கே: டீலர் நல்லவர். வேறு புதுத் துப்பாக்கியே தருகிறேன், பழையதைக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். உடனே வாங்கிக்கொள்ளலாமா?
*வாசகர், தர்மபுரி*

ப: கைகொடுத்து நன்றி சொல்லுங்கள். துப்பாக்கியை மட்டும் இன்னும் வாங்காதீர்கள். மிக்ஸியை மாற்றுவது போல இதை மாற்ற முடியாது. உங்கள் உரிமத்தில் ஏறியிருப்பது பழைய எண். புது எண் ஏறாத துப்பாக்கி உங்கள் கையில் இருந்தால், அது உரிமமில்லாத துப்பாக்கிதான், எவ்வளவு நல்ல மனதோடு கொடுத்ததாக இருந்தாலும். மாவட்டத்தில் ஆட்சியர் அலுவலகம், சென்னை போன்ற மாநகரில் காவல் ஆணையர் அலுவலகம்: அங்கே டீலரின் கடிதத்தோடு மனு கொடுத்து, பழைய எண்ணை நீக்கிப் புது எண்ணை ஏற்றிய பிறகே கைமாற்றுங்கள். அலுவலகத்துக்கு நான்கு நடை ஆகலாம். நடந்துவிடுங்கள்.

கே: டெக்சாஸில் வசிக்கிறேன். புது பிஸ்டல் இரண்டு முறை சுட்டால் ஒருமுறை சிக்குகிறது. விற்ற கடை திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. "கம்பெனிக்கு அனுப்பு" என்கிறார்கள்.
*மென்பொருள் பொறியாளர், ஹூஸ்டன்*

ப: அங்கே வழக்கம் அதுதான். நீங்கள் 4473 படிவத்தில் கையெழுத்திட்டு, பின்னணிச் சோதனை முடிந்து, துப்பாக்கி உங்கள் பெயருக்கு மாறிய நொடியிலேயே அது வியாபாரக் கணக்கில் பழைய துப்பாக்கி ஆகிவிடும். கடைக்காரர் திரும்ப வாங்கினாலும் புதிதென்று விற்க முடியாது. அதனால்தான் அங்குள்ள நண்பர்களிடம் எப்போதும் சொல்கிறேன்: கையெழுத்துப் போடும் முன் கவுண்டரிலேயே குழலைப் பாருங்கள், ஸ்லைடை இழுங்கள், மேகஸினைப் போட்டு எடுங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்கு எந்தக் கடைக்காரரும் கோபிக்க மாட்டார்.

இப்போது செய்ய வேண்டியது: கம்பெனியை அழைத்து, அவர்கள் செலவில் அனுப்பும் லேபிள் கேளுங்கள். நீங்களாகத் தபால் நிலையத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்; தனிநபர் கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்ப 1927-லேயே அங்கே சட்டம் தடை போட்டது. துப்பாக்கியோடு சிக்கும் மேகஸினையும் வையுங்கள். சிக்கலில் பாதி மேகஸினில்தான் இருக்கும், அதை வீட்டில் வைத்துக்கொண்டால் அவர்கள் "எல்லாம் சரி" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்ன தோட்டா, எத்தனையாவது குண்டில் சிக்கியது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். வீட்டில் மறுபடி நிரப்பிய தோட்டாவைப் பயன்படுத்தியிருந்தால் பல கம்பெனிகள் வாரண்டியை மறுக்கும். கடைத் தோட்டாவின் பெட்டியைப் பத்திரப்படுத்துங்கள். நல்ல செய்தி ஒன்று: பழுதுபார்த்த அதே துப்பாக்கியையோ, அதே வகை மாற்றுத் துப்பாக்கியையோ கம்பெனி உங்களுக்கே நேரடியாகத் திருப்பி அனுப்பக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. புதிய 4473 தேவையில்லை. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த மாநிலச் சட்டத்தையும் பாருங்கள்.

கே: பெரிய கம்பெனி. உண்மையிலேயே குறை இருந்தால் அவர்களே கண்டுபிடித்துத் திரும்ப அழைத்துக்கொள்ள மாட்டார்களா? நாம் ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும்?
*வாசகர், திருச்சி*

ப: ரெமிங்டன் 700 என்று ஒரு ரைஃபிள். 1962-இல் சந்தைக்கு வந்து, அமெரிக்க வேட்டைக்காரர்கள் வீட்டுக்கு வீடு வைத்திருந்தது. அதன் விசை அமைப்பை வடிவமைத்தவர் மைக் வாக்கர் என்ற பொறியாளர். அதே அமைப்பு இதற்கு முந்தைய 721 மாடலிலும் இருந்தது. 1948-லேயே வாக்கர் அதில் ஒரு பாதுகாப்பு மாற்றத்தை யோசனையாகச் சொன்னார். துப்பாக்கி ஒன்றுக்கு 5.5 சென்ட் கூடுதல் செலவு. மாற்றம் நடக்கவில்லை. வழக்குகளில் நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் உலகம் இதைப் படித்தது.

கோளாறு இதுதான்: விசைக்குள் இருந்த ஒரு சிறு துண்டு, அழுக்கோ துருவோ சேர்ந்தால், தன் இடத்துக்கு முழுசாகத் திரும்பாது. அப்போது சேஃப்டியை விலக்கினாலே வெடிக்கும், விரல் விசையில் படாமலே. 1982-க்கு முந்தைய ரைஃபிள்களில், சேஃப்டியை விலக்கினால்தான் போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுக்க முடியும். அதாவது, பத்திரமாகக் காலி செய்ய நினைத்தவர்தான் ஆபத்தான அந்த நிலையைத் தாண்டியாக வேண்டும். மக்கள் செத்தார்கள். குழந்தைகளும். கடைசியில் ஏறத்தாழ 75 லட்சம் துப்பாக்கிகளைத் தழுவிய கூட்டு வழக்கில் ஈடுதீர்வு வந்து, 2017-இல் நீதிமன்றம் அதை ஏற்றது. நிறுவனம் குறையை ஒப்புக்கொள்ளவில்லை. இலவசமாக விசை மாற்றித் தருவதாக ஏற்பாடு. அப்படியும் மாற்றக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. மற்றவை இன்னும் வீடுகளில் இருக்கின்றன.

அங்கே இன்னொரு கொடுமை. பொம்மையையும் இஸ்திரிப் பெட்டியையும் திரும்ப அழைக்க உத்தரவிடும் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி மேல் அதிகாரம் கிடையாது. 1972-இல் அந்தச் சட்டம் வந்தபோதே துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டார்கள். நம் 2019 சட்டம் அப்படி எதையும் ஒதுக்கவில்லை. அசையும் பொருள் எல்லாமே அதற்குப் "பொருள்"தான், ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரமும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது. கையில் இருக்கும் உரிமையை யாரும் எடுத்துப் பயன்படுத்தாமல் விட்டால் அது காகிதம்தான். பத்துப் பேர் தனித்தனியாக எழுதினால்தான், கோளாறு ஒரு துப்பாக்கியிலா, ஒரு தொகுதி முழுக்கவா என்று யாருக்காவது தெரியவரும்.

கே: நுகர்வோர் ஆணையம் என்றால் வக்கீல், செலவு, வருடக்கணக்கு...
*வாசகி, நாகர்கோவில்*

ப: வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. டீலர் எந்த ஊராக இருந்தாலும் உங்கள் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். கோளாறு தெரிந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். சில டீலர் அந்த அழைப்பிலேயே இறங்கி வருவார்கள். பொருளைச் சோதித்தால்தான் குறை தெரியும் என்றால் ஆணையமே சோதனைக்கூடத்துக்கு அனுப்பும். அதனால்தான் யாரிடமும் கொடுத்துப் பிரிக்காதீர்கள் என்று மறுபடி மறுபடி சொல்கிறேன். காலம் ஆகும், மறைக்கவில்லை. சட்டம் சோதனை தேவையில்லாத வழக்குக்கு மூன்று மாதம், தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்கிறது, நடைமுறையில் கூடும். ஆனால் மனுவின் நகல் டீலர் மேசைக்குப் போன அன்றே பல பார்ட்ஸ் வந்து சேர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கே: அப்பாவுக்கு 71 வயது. மூன்று மாதம் முன் புதுத் துப்பாக்கி வாங்கினார். போன வாரம் சேஃப்டி போட்டுச் சுவரில் சாய்த்து வைத்தபோது தானாக வெடித்து ஓட்டுக் கூரையில் துளை விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. "யாரிடமும் சொல்லாதே, உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள்" என்கிறார். அம்மா அந்த அறைக்குள் போவதையே விட்டுவிட்டார்.
*மகள், ஊர் பெயர் வேண்டாம்*

ப: அம்மா, உங்கள் கடிதத்தைக் கடைசியில் வைத்தேன், ஆனால் முதலில் படிக்க வேண்டியது இதுதான். அப்பாவிடம் இதைக் காட்டுங்கள்.

ஐயா, தோட்டா உள்ளே இருக்கும் துப்பாக்கியைச் சாய்த்து வைத்தது உங்கள் தவறு. சேஃப்டி போட்டும் வெடித்தது அவர்கள் தவறு. முதலாவதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு இரண்டாவதை மறைக்காதீர்கள். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். சேஃப்டி என்பது உள்ளே ஒரு சின்ன இரும்பு விசையை மறிப்பது மட்டும்தான். பல ரெட்டைக்குழல் துப்பாக்கிகளில் அது சுத்தியலைத் தடுப்பதே இல்லை. உள்ளே கொக்கி சரியாகப் பிடிக்காவிட்டால், தரையில் தட்டின அதிர்ச்சியிலேயே சுத்தியல் விழும். அடுத்த முறை அது கூரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

இன்றைக்கே துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டாவை வேறு அறையில் பூட்டுங்கள். இனிச் சோதிக்கக்கூடச் சுட வேண்டாம். நடந்ததைத் தேதியோடு எழுதி, ஒன்றை டீலருக்கும் ஒன்றைத் தயாரித்த கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து அனுப்பி, துப்பாக்கியைக் கடையில் கொடுத்து முழு ரசீது வாங்குங்கள். வெடித்த தோட்டாவின் கூடு எங்கே போனது என்று தேடி எடுங்கள். கொத்தனாரை இன்னும் கூப்பிடாதீர்கள். ஓட்டை விழுந்த அந்த ஓட்டை முதலில் கீழேயிருந்தும் மேலேயிருந்தும் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து.